நெவில், கூரையை விட்டு இறங்கு

மெர்ல் பெஸ்விக்குக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, சொல்லாமல் கொள்ளாமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மறுபடி எழும் கம்ப்யூட்டர். இன்னொன்று, சொல்லாமல் கொள்ளாமல் கூரையேறும் புருஷன். முதலாவதற்கு அவள் ஒரு மருந்து கண்டுபிடித்தாள். இரண்டாவதற்கு முடியவில்லை. இந்த இரண்டும் ஒருநாள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதில்தான், டாஸ்மேனியாவின் வடகரையில் பென்குயின் என்ற சின்ன ஊரில் இருக்கும் அவள் வீட்டுத் தகரக் கூரை, அவள் கண்ணால் பார்த்திராத நாடுகளிலெல்லாம் பேர் வாங்கியது.

மெர்ல் பிறந்தது மலைப்பக்கம் ரியானாவில், உருளைக்கிழங்கு வயலுக்கு நடுவில். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பால் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் டைப் அடிக்கப் போனாள். அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, மேலாளர் அதைக் கடிநாயைப் பார்ப்பதுபோலத் தூர நின்று பார்த்தார். “யாராச்சும் தொட்டுப் பாருங்கப்பா” என்றார். ஒருத்தரும் நகரவில்லை. தேநீர் வேளைக்கு இன்னும் நேரமிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மெர்ல் எழுந்து போய்த் தொட்டாள். தொட்டவள் தலையில்தானே எல்லாம் விடியும்? அன்றிலிருந்து அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் அவள்தான் தாய், வைத்தியர், போலீஸ் எல்லாம்.

பால் வண்டிகள் வரிசையில் நின்று, யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்று ஏறிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, “புதுப்பிப்பு வந்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு இயந்திரம் கண்ணை மூடிக்கொள்ளும். விவசாயிகள் வாசலில் நின்று மெர்லை முறைப்பார்கள். புதுப்பிப்பு கெட்டதில்லை, வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி, வேண்டியதுதான். ஆனால் ஆள் குளித்துக்கொண்டிருக்கும்போது குளியலறைக்குள் சுண்ணாம்பு வாளியோடு நுழைந்தால் எப்படி? அந்தக் கோபத்தில் அவள் தானாகவே படித்து, தட்டுத்தடுமாறி, ஒரு சின்னக் கருவியை எழுதினாள். பெயர் ‘கொஞ்சம் பொறு’. புதுப்பிப்பு வந்தால் அது முதலில் வேலை செய்கிறவரைக் கேட்கும். கைவேலை முடியும்வரை காத்திருக்கும். பிறகு புதுப்பித்து, இயந்திரத்தை அணைத்து எழுப்பி, எல்லாம் ஒழுங்காக எழுந்ததா என்று சரிபார்த்து, கடைசியில் ஒரு வரி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

அந்தக் கருவியை அவள் குவோல் குழுவுக்குக் கொடுத்தாள். குவோல் என்பது அந்தத் தீவில் கோழிக்கூண்டுகளை நோட்டம் விடும் புள்ளிபோட்ட பிராணி. அதன் பெயரில் கம்ப்யூட்டர்களை ஓடவைக்கும் ஓர் இயங்குதளம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள் கூடி எழுதியது. சின்ன அலுவலகங்கள், பள்ளிக்கூடங்கள், படகுத்துறைகள் என்று பல இடங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. பென்குயினைச் சின்னமாக வைத்திருக்கும் வேறோர் இயங்குதளம் உலகப் பிரசித்தம் என்பதால், ‘பென்குயினிலிருந்து மெர்ல்’ என்று அவள் கையெழுத்துப் போட்ட முதல் மடலைப் பார்த்ததும், குழுவில் பாதிப்பேர் எதிர்முகாமிலிருந்து ஒற்றர் வந்துவிட்டதாக நினைத்தார்கள். “அது எங்க ஊர்ப் பேரு. கடற்கரையில பெரிய பென்குயின் சிலை இருக்கு, கிறிஸ்துமஸுக்குச் சட்டை போட்டு விடுவோம்” என்று அவள் எழுதிய விளக்கம் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

இப்போது நெவில். உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். நல்லவன். ஆனால் கூரைப் பைத்தியம். கேட்டால், மழைத் தண்ணீர் ஓடும் தகரக் குழாயில் இலை அடைத்துக்கொண்டது என்பான். உண்மை வேறு. கூரையின் தென்மேற்கு மூலையில் உட்கார்ந்தால் கால்பந்து மைதானத்தின் ஒரு பக்கத்து கோல் கம்பங்கள் தெரியும். ஒரு பக்கம் மட்டும்தான். மீதி ஆட்டத்தைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்து அவனே ஊகித்துக்கொள்வான். இடுப்பு மூட்டு மாற்றிய டாக்டர், “இனிமே ஏணிப் பக்கமே போகக்கூடாது” என்று கண்டித்துச் சொல்லியிருந்தார்.

“ஏணின்னுதான சொன்னார்? கூரைன்னு சொல்லலையே” என்றான் நெவில்.

“ஏணி இல்லாம எப்படிடா கூரைக்குப் போவ? பறந்தா?”

“அதைத்தான் மெர்ல் நான் டாக்டர்கிட்ட கேட்கணும்னு இருந்தேன்.”

அது நடந்த நாளில் மெர்ல் கருவியின் கடைசி வரியைத் திருத்திக்கொண்டிருந்தாள். ‘புதுப்பிப்பு முடிந்தது’ என்பது அவளுக்கு மொட்டையாகப் பட்டது. அதை அழித்துவிட்டு வேறென்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலின் மேல்விளிம்பில் இரண்டு பூட்ஸ்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பூட்ஸுக்குள் நெவிலின் கால்கள்.

கத்திப் பார்த்தாள். அவன் காதில் வானொலியை மாட்டிக்கொண்டு வேறெங்கோ நடந்த ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். கைபேசிக்குச் செய்தி அனுப்பினால் பார்ப்பான். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் திறந்திருந்தன: ஒன்றில் கருவி, இன்னொன்றில் நெவிலோடு பேசும் கட்டம். ஆத்திரத்தில் அவள், எந்தக் கட்டம் என்று பார்க்காமல், ‘நெவில், கூரையை விட்டு இறங்கு’ என்று தட்டினாள். தட்டிய வேகத்தில் விரல்கள் பழக்கதோஷமாகச் சேமிப்பதையும் செய்துவிட்டன. பூட்ஸ் அசையவில்லை. எழுந்து வெளியே ஓடி, துடைப்பக் கட்டையால் தகரத்தைத் தட்டி அவனை இறக்கினாள். திரும்பி வந்தபோது கோபம் ஆறியிருக்கவில்லை. வேலை முடிந்துவிட்டதாக நினைத்து, கருவியைக் குழுவுக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

குழுவில் எதுவும் இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி சொல்லாமல் வெளியே போகாது. அந்த முறை படித்தவர் ஃபின்லாந்தின் டம்பரே நகரத்து அன்டெரோ குஸெலா. கமாவைக்கூட விடாமல் சோதிக்கிற மனிதர். அந்த வரியை நாலு தடவை படித்தார். பிறகு சரி சொல்லிவிட்டார்.

“ஏன் சொன்னீங்க?” என்று பின்னால் மெர்ல் அழாத குறையாகக் கேட்டபோது அவர் அமைதியாகச் சொன்னார்: “உங்க ஊர் வழக்குன்னு நினைச்சேன். ஒரு வேலை நல்லபடியா முடிஞ்சா ‘நெவில் இறங்கலாம்’னு சொல்வீங்கபோலன்னு. அழகா இருந்துச்சு. நானும் வீட்டுல ரெண்டு மூணு தடவை சொல்லிட்டேன்.”

ஆனால் அந்தப் பேச்சு நடந்தது பல மாதங்கள் கழித்து. அதுவரை அந்த வரி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது மெர்லுக்கே தெரியாது. சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் திரையில் ஓடும் எழுத்தைப் படிப்பதில்லை. ரயிலில் போகிறவர் ஜன்னலுக்கு வெளியே ஓடும் மரங்களைப் பார்ப்பதுபோல விட்டுவிடுவார்கள்.

முதலில் அழைத்தவள் ஃபிஜியில் லெவுகா படகுத்துறையின் பயணச்சீட்டு அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் லிட்டியா ராவுவு. திரையில் பெரிய சிரிப்போடு வந்து, அவள் ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னாள்.

“புலா, மெர்ல் ஆன்ட்டி! ஒண்ணே ஒண்ணு கேட்கணும். நெவில் இறங்கிட்டாரா?”

“எந்த நெவில்?”

“அது உங்களுக்குத்தான் ஆன்ட்டி தெரியணும். எங்க சர்வர் ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கிட்டே இருக்கு, மனுஷன் கேட்கவே மாட்டேங்கறாராம். எங்க அம்மா சர்ச்சுல அவருக்காக ஜெபம்கூடப் பண்ணிட்டாங்க.”

மெர்ல் கருவியைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தாள். காது மடல் சூடாகி, கழுத்து சிவந்து, வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கெட்டில் கொதிக்கும் சத்தம் மாதிரி. அடுத்த அறையிலிருந்து நெவில், “டீ போடறியா?” என்றான்.

அந்த வாரமே நியூசிலாந்தின் தென்கோடியில் ஒரு கம்பளிக் கிடங்கிலிருந்து மடல் வந்தது. கிடங்கின் முதலாளி பெயரும் நெவில். புதுப்பிப்பு முடிந்த நேரத்தில் அவர் நிஜமாகவே கூரைமேல் ஆணி அடித்துக்கொண்டிருந்தாராம். எழுத்தர் பெண் திரையைப் பார்த்துவிட்டு ஓடிப்போய், “சார், கம்ப்யூட்டர் உங்களை இறங்கச் சொல்லுது!” என்று கத்தியிருக்கிறாள். அவர் அரக்கப்பரக்க இறங்கிவந்து, அன்றிலிருந்து கம்ப்யூட்டருக்கு முதுகு காட்டி உட்காருவதில்லையாம். உங்கள் கருவியில் கேமரா எங்கே இருக்கிறது என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள்.

மெர்லுக்கு மானம் போயிற்று. அன்டெரோவைத் தவிர ஒருவரிடமும் சொல்லாமல் அந்த வரியை எடுத்துவிட்டு, ‘புதுப்பிப்பு முடிந்தது’ என்பதையே திரும்பப் போட்டு, புது வெர்ஷனை வெளியிட்டாள். அன்டெரோ வருத்தத்தோடு சரி சொன்னார்.

மறுநாள் லிட்டியா மறுபடி வந்தாள். இந்த முறை சிரிப்பில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்றது: சேப்பங்கிழங்குக் கட்டோடு ஒருவர், கூடையில் கோழியோடு ஒரு பெண், இன்னும் பலர்.

“ஆன்ட்டி, நெவிலை என்ன பண்ணீங்க?”

“எடுத்துட்டேன்மா. ஏன்?”

“ஐயோ! எங்க சீட்டு இயந்திரமெல்லாம் அவருக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்குது. படகு கிளம்பணும், ஒரு சீட்டுகூட வரலை.”

விஷயம் இதுதான். புதுப்பிப்பு முடிந்ததும் சீட்டு விற்கும் நிரல் தானாகத் திறக்கவேண்டும். முடிந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? திரையில் ஓடுவதில் நிச்சயமான ஒரு வரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி லிட்டியா எழுதி வைத்திருந்தாள்.

“அதுக்கு என் புருஷனா கிடைச்சான்?”

“மத்த வரியெல்லாம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுது ஆன்ட்டி. நெவில் ஒருத்தர்தான் மாறாம இருக்கார்.”

லிட்டியா மட்டுமல்ல. சிலியில் ஒரு நூலகம், போலந்தில் ஒரு பல்மருத்துவமனை, கனடாவில் மரம் அறுக்கும் ஆலை என்று பலரும் ஒருவரை ஒருவர் அறியாமலே அதே தந்திரத்தைச் செய்திருந்தார்கள். நெவில் கூரையை விட்டு இறங்கச் சொல்லப்படும்வரை அங்கெல்லாம் எதுவும் நகராது. மெர்ல் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியைத் திரும்பப் போட்டாள். லெவுகாவில் கூட்டம் கைதட்டியது. கோழிகூடக் கத்தியது.

குவோல் குழு கூடி விவாதித்தது. கருவியின் அந்த வரியை இனி யாரும் தொடக்கூடாது என்று முடிவாயிற்று. அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் கிளம்பிவிட்டார்கள். எந்த மொழி வந்தாலும், இயந்திரங்கள் பார்த்துக்கொள்ள ஆங்கில வரி ஓரத்தில் இருக்கும், ஆனால் ஆட்களுக்குத் தெரியும் வரி அவரவர் மொழியில் வரவேண்டுமே! ஜப்பான்காரர், சொல்கிறவர் நெவிலைவிட மூத்தவரா இளையவரா என்று கேட்டார். தமிழுக்குப் பெயர்க்கும் பெண் மதுரையிலிருந்து எழுதினாள்: “மேடம், சொல்றது மனைவின்னா ‘இறங்குங்க’ன்னு போடணும். அம்மான்னா ‘இறங்கு’. ரொம்பக் கோபம்னா வேற சொல் இருக்கு, ஆனா அலுவலகக் கம்ப்யூட்டர்ல போட முடியாது. எது வேணும்?”

மெர்ல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த மூணாவது சொல்லை எனக்குத் தனியா அனுப்புங்க” என்று பதில் போட்டாள்.

இதையெல்லாம் கேட்டு நெவில் பொங்கிய பால் மாதிரி ஆகிவிட்டான். ரொட்டிக்கடையில் வரிசையில் நிற்கும்போது, “என்னை லெவுகாவுல தெரியும்” என்பான். கடைக்கார ஜூன், “கடனுக்கா?” என்பாள். வீட்டில் பாத்திரம் துலக்கச் சொன்னால், “நான் இப்ப ஒரு இயங்குதளத்தோட அங்கம், மெர்ல்” என்றான்.

“நீ அங்கம் இல்ல. நீ ஒரு பழுது. எடுக்க முடியாத பழுது.”

“அதைச் சட்டையில அச்சடிக்கலாம்” என்றான் நெவில், நிஜமாகவே யோசித்தபடி.

அடுத்த வசந்தத்தில் தீவின் தலைநகரான ஹோபார்ட்டில் சர்வர் ஆட்களின் மாநாடு நடந்தது. அன்டெரோ அதற்காக ஃபின்லாந்திலிருந்து வந்தார். மாநாட்டில் யாரிடமும் அதிகம் பேசவில்லை. முடிந்ததும் நேராகப் பேருந்து பிடித்துப் பென்குயினுக்கு வந்து, மெர்ல் வீட்டு வாசலில் நின்று, கூரையை நிமிர்ந்து பார்த்தார். “இதுவா?” என்றார். “இதுவேதான்” என்றான் நெவில். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள், கோவில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல.

மறுநாள் காலை மெர்ல் தன் சிநேகிதிகளோடு கடலில் நீந்தப் போகவேண்டும். கிளம்பும்போது வாசலில் நின்று விரலை ஆட்டினாள்.

“ஏணியைத் தொட்ட, தெரியும் சேதி. அன்டெரோ, நீங்க பார்த்துக்கங்க.”

“எனக்கு உயரம்னா பயம்” என்றார் அன்டெரோ. அவளுக்கு அது போதுமான உத்தரவாதமாகப் பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரித்துச் சேர்த்துக்கொண்டாள். சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை தின்று முடித்ததும் அன்டெரோ, கூரையோடு நெவிலைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். கீழேயிருந்து எடுத்ததில் நெவிலின் மூக்குத் துவாரம்தான் பெரிதாக விழுந்தது. “மேல வாங்க தம்பி, கோல் கம்பமும் சேர்ந்து தெரியும்” என்று நெவில் கூப்பிட்டிருக்கிறான். விருந்தினராக வந்த இடத்தில் மறுப்பது மரியாதையில்லை என்று அன்டெரோ கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட்டார். ஏறியவர் கடைசிப் படியை உதைத்த உதையில் ஏணி சாய்ந்து ரோஜாச் செடிகளுக்குள் போய்ப் படுத்தது. பிடிக்கக் குனிந்த நெவிலின் சட்டைப்பையிலிருந்து கைபேசியும் கூடவே போய்விட்டது.

அன்டெரோ புகைபோக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தன் கைபேசியை எடுத்தார். “மெர்ல் நம்பர் சொல்லுங்க.”

“எனக்கு எப்படித் தெரியும்? போன்ல ‘மெர்ல்’னு இருக்கும், அமுக்குவேன்.”

“அப்ப தீயணைப்பு நிலையம்?”

“செத்தாலும் வேண்டாம்.”

காரணம் இருந்தது. ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவன் காலின், மெர்லின் தம்பி. ஒருதடவை அவன் தீயணைப்பு நிலையத்துக் கழிப்பறைக்குள் தானே மாட்டிக்கொண்டு, கோடாலியால் கதவை உடைத்து வெளியே வந்தான். அந்தக் கதையை நெவில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் நடித்துக் காட்டி வந்தான். அதற்கு வட்டியோடு பதில் சொல்ல மச்சான் காத்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும்.

அன்டெரோவுக்கு ஒரு யோசனை வந்தது. கருவியைப் பற்றி யாராவது புகார் எழுதினால் மெர்லின் கைக்கடிகாரம் அதிரும். புருஷன் கூப்பிட்டால் அதிராதபடியும் அவளே வைத்திருந்தாள். அவர் ஒரு கையால் புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குவோல் குழுவின் புகார்ப் பக்கத்தில், தனக்கே உரிய ஒழுங்கோடு எழுதினார்:

‘தலைப்பு: நெவில் கூரையிலிருந்து இறங்க முடியவில்லை. எதிர்பார்த்தது: நெவில் இறங்குவார். நடந்தது: நெவில் இறங்கவில்லை. பழுதை மறுபடி உண்டாக்க: ஏணியை அகற்றவும்.’ கீழே, அங்கேயிருந்தே எடுத்த ஒரு படத்தையும் இணைத்தார்.

உடனே பதில்கள் வந்தன. அன்டெரோ ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்.

“சிலியிலேர்ந்து கேட்கறாங்க, எந்த வெர்ஷன்னு.”

“அறுபத்தாறு வயசுன்னு சொல்லு.”

“ஜெர்மனிக்காரர் சொல்றார், அவரோட இயந்திரத்துல நெவில் ஒழுங்கா இறங்கறாராம்.”

“அவனுக்கென்ன, சொல்வான்.”

“ஒருத்தர், அணைச்சிட்டு மறுபடி போட்டுப் பார்த்தீங்களான்னு கேட்கறார்.”

நெவில் அதற்குச் சொன்ன பதிலை அன்டெரோ எழுதவில்லை. இன்னொருவர், இது வெயிலில் மட்டும் நடக்கிறதா, மழையிலும் நடக்கிறதா என்று கேட்டிருந்தார். அதைப் படிக்கும்போதே தகரத்தில் பொட்டுப் பொட்டாகச் சத்தம் கேட்டது. “மழையிலும் நடக்கிறது” என்று அன்டெரோ நேர்மையாகச் சேர்த்தார்.

கடலில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற மெர்லின் மணிக்கட்டு அதிர்ந்தது. தலைப்பைப் பார்த்தாள். நெவிலின் பேர் பரவியதிலிருந்து இந்த மாதிரிக் குறும்புகள் வாரத்துக்கு நாலு வந்துகொண்டிருந்தன. “வேலையத்ததுங்க” என்று சொல்லிக்கொண்டே ஈர விரலால் ‘வேடிக்கை, மூடப்பட்டது’ என்பதை அமுக்கிவிட்டு மல்லாந்து மிதந்தாள்.

கூரைமேல் அன்டெரோ கைபேசியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“என்ன தம்பி?”

“புகாரை மூடிட்டாங்க.”

“எவன் அவன்?”

“உங்க மனைவி.”

இணைத்திருந்த படத்தை உலகத்தில் ஒரே ஒருத்திதான் திறந்து பார்த்தாள். புயல் வெள்ளத்தில் கூரையில் ஏறி உட்கார்ந்த அனுபவம் லிட்டியாவுக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. படத்தின் ஓரத்தில், ரோஜாச் செடிகள் நசுங்கி, அவற்றின்மேல் ஏணி கிடப்பதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. மெர்லைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பென்குயினில் வேறு யாரைத் தெரியும்? வரைபடத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட ரொட்டிக்கடைக்குப் போன் போட்டாள்.

“புலா! நான் ஃபிஜியிலேர்ந்து பேசறேன். உங்க ஊர்ல நெவில்னு ஒருத்தர் கூரைமேல இருக்கார்.”

“இதைச் சொல்லவா ஃபிஜியிலேர்ந்து கூப்பிட்டம்மா?” என்றாள் ஜூன். “அவன் எப்பவும் அங்கதான இருப்பான்.”

“ஏணி கீழ விழுந்துடுச்சு அத்தை! மழை வேற பெய்யுதாம்.”

ஜூன் போனை வைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தாள்.

காலின் தன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டியதில்லை. சங்கை முழுச் சத்தத்தில் அலறவிட்டு, கடற்கரைச் சாலை முழுக்க நடைவேகத்தில் வந்தான். ஊரே வீட்டைவிட்டு வெளியே வந்து, என்னவென்று கேட்டுக்கொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்தது. நீந்திவிட்டு ஈரத்தலையோடு கரையேறிய மெர்லும், யார் வீட்டிலோ தீ என்று பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். வந்து நின்றது தன் வீட்டு வாசலில்.

காலின் ஒலிபெருக்கியை எடுத்தான். “மச்சான், பயப்படாதீங்க! அங்கேயே இருங்க! எங்கயும் போயிடாதீங்க!”

“ஏணியை வைடா, போதும்” என்று கத்தினான் நெவில்.

“விதிமுறைப்படி சில கேள்வி கேட்கணும் மச்சான். முழுப்பேரு? மேல எதுக்குப் போனீங்க? அங்க கழிப்பறை வசதி ஏதும் இருக்கா?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் கடற்பறவைகள் பறந்தன. முதலில் அன்டெரோவை இறக்கினார்கள். அவர் தரையைத் தொட்டதும் மண்டியிட்டு, புல்லை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, மெர்லிடம், “இந்தக் கருவியைச் சோதிக்கறதை நான் விட்டுடலாம்னு இருக்கேன்” என்றார்.

அன்று சாயங்காலம் நெவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சூப் குடித்தான். மெர்ல் திட்டுவதற்கு நிறையத் தயார் செய்து வைத்திருந்தாள். ஆனால் அவன் முந்திக்கொண்டான்.

“படத்தைத் திறந்து பார்த்தியா?”

“இல்ல.”

“ஏன்?”

“வேடிக்கைன்னு நினைச்சேன்.”

“நான் மழையில உட்கார்ந்திருந்தேன், மெர்ல். ஒருத்தன் என்கிட்ட வெர்ஷன் கேட்டான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பழைய புகார்கள் ஞாபகத்துக்கு வந்தன. எத்தனை வருஷமாக எத்தனை பேரின் புகாரை இப்படித் தலைப்பை மட்டும் பார்த்து மூடியிருப்பாள்? அவர்களில் யார் யார் எந்தெந்தக் கூரையில் உட்கார்ந்திருந்தார்களோ! அவள் அந்தப் புகாரை மறுபடி திறந்து, ‘ஏணி வைக்கப்பட்டது. மன்னிக்கவும்’ என்று எழுதி, முறையாக மூடினாள்.

நெவில் எட்டிப் பார்த்தான். “இது மாதிரி இன்னும் எவ்வளவு கிடக்கு?”

“மலை மாதிரி.”

“நான் பார்க்கட்டுமா? ஒண்ணும் தெரியாது. ஆனா படத்தைத் திறந்து பார்ப்பேன்.”

இப்படித்தான் நெவில் குவோல் குழுவில் புகார்களை வரவேற்கும் ஆளாகச் சேர்ந்தான். இயங்குதளம் என்றால் என்ன என்று இன்றுவரை அவனுக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனால் ஒருவரையும் வெர்ஷன் கேட்டு விரட்டமாட்டான். முதல் வரியில், இப்போது பத்திரமாக இருக்கிறீர்களா என்பான். பிறகு சாப்பிட்டாயிற்றா, உங்கள் ஊரில் மழையா என்று விசாரிப்பான். எரிந்து விழுந்து எழுதியவர்கள் மறுமடலில் குழைந்து, கூடவே தேவையான விவரத்தையெல்லாம் தாங்களாகவே கொட்டிவிடுவார்கள். அதை அவன் மெர்லிடம் கொண்டுவந்து கொடுப்பான். புகார்கள் வேகமாகத் தீர்ந்தன. பிறகு வேகமாகப் பெருகின. பழுதே இல்லாதவர்களும் நெவிலிடம் பேசுவதற்காக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மெர்ல் தலையிலடித்துக்கொண்டு, நிஜப் பழுதையும் அரட்டையையும் பிரிப்பதற்கென்றே ஒரு புதுக் கருவி எழுத உட்கார்ந்தாள்.

போன வாரம் நார்வேக்காரர் ஒருவர், புதுப்பித்ததிலிருந்து அச்சு இயந்திரம் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார். மெர்ல் அதை அரை மணியில் தீர்த்துவிட்டாள். ஆனால் நெவிலும் அவரும் அதன் கீழே எழுதிக்கொண்டே போயிருந்தார்கள், பக்கம் பக்கமாக. அவள் படித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பி வந்து கண்ணை எரித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். நெவில் ஒரு ஜாடிக்குள் மீன் துண்டுகளை அடுக்கி வினிகர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“இது என்ன கண்றாவி?”

“ஊறவச்ச ஹெர்ரிங். அச்சு இயந்திரப் புகார்ல வந்தது. அவங்க அம்மாவோட பக்குவமாம்.”

“எத்தனை நாள் ஊறணுமாம்?”

“அதைத்தான் இன்னும் சொல்லல” என்றான் நெவில். “நாளைக்குக் கேட்கணும். புகாரை மூடிடாத, மெர்ல்.”